லஹைனாவுக்குச் செல்லும் விருந்தினர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகளுள் மௌயி என்பது ஒன்று. அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள லஹைனாப் பட்டினத்தின் நீதிமன்ற வளவிலே, 1873ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ஆந் திகதி ஓர் ஆலங்கன்று நடப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த அக்கன்று அன்று எட்டடி உயரமே இருந்தது. கிறித்தவப் போதகர்கள் லஹைனாவில் வந்திறங்கி ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்தியதன் நினைவாக அதனை நட்டவர், அவ்வூரில் ஷெரீப் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஓவன் ஸ்மித் என்பவர். விழுது விட்டு, விழுதையே தூணாக ஊன்றிப் பரவும் ஆலின் இயல்பு தமிழ் நேயர்களுக்குப் புதிதன்று. ஒன்றரை நூற்றாண்டில் அது அறுபதடி உயர்ந்து, தனி மரமே தோப்பாகி, ஊரின் நடுவிலே போட்ட பெரும் பந்தல் போலாயிற்று. அதன் நிழலில் கைப்பணிச் சந்தைகள் கூடின; இசை நிகழ்ந்தது; பிள்ளைகள் விழுதுகளுக்கிடையில் ஓடி விளையாடினர். 2023 ஏப்பிரலில் அதன் 150ஆவது ஆண்டு நிறைவை ஊரவர் மகிழ்ச்சியோடு கொண்டாடினர். நான்கு மாதங்கள் செல்லுமுன், ஓகஸ்ட் 8ஆந் திகதி, அந்த ஊரே எரிந்து போயிற்று.

மரமும் செத்ததென்றே பலர் எண்ணினர். இலையெல்லாம் கருகிச் சுருண்டு நின்ற அதற்கு மரநூல் வல்லவர்களும் ஊரவர்களும் தண்ணீர் வண்டி கொண்டு நீர் வார்த்தனர். பசளைக் கரைசல் ஊற்றினர். செப்டெம்பர் மாதத்திலே கரிந்த கிளைகளிற் பச்சைத் துளிர்கள் தோன்றின. மரத்தின் பெரும் பகுதி பின்னர் வெட்டி நீக்கப்பட வேண்டியதாயிற்று; எஞ்சியது பிழைத்தது. இச்செய்தி படத்தோடு உலகெங்கும் பரவிற்று. மரத்தைக் காணவேண்டும், அந்த ஊரைக் காணவேண்டும் என்னும் ஆவலும் அயல்நாட்டார் பலருக்கு எழுந்தது.

துயருற்ற ஊருக்கு அயலான் போகலாமா? போவதாயின் எவ்விதம் போகவேண்டும்? எளிய வினாக்கள் போலத் தோன்றும் இவை மௌயித் தீவிலே ஆயிரக்கணக்கானோரின் உணவையும் உறையுளையும் மானத்தையும் தொட்ட வினாக்களாயின.

லஹைனா ஒரு சாதாரணக் கடற்கரைக் கிராமமன்று. 1845ஆம் ஆண்டளவில் ஹொனலூலுவுக்கு மாறும் வரை ஹவாய் மன்னரின் தலைநகராக விளங்கியது அதுவே. 1831இல் அங்கு நிறுவப்பட்ட லஹைனாலூனாப் பாடசாலையின் அச்சகத்திலிருந்தே 1834இல் ஹவாய்த் தீவுகளின் முதற் பத்திரிகை வெளிவந்தது. அக்காலத்தில் அது நீர் வளம் மிக்க ஊர். மலையிலிருந்து இறங்கிய ஓடைகள் சேம்பு வயல்களுக்குப் பாய்ந்தன. ஹவாய் மக்களின் பழங்கதையிலே சேம்பு மனிதனுக்கு மூத்த சகோதரன். அதனை உணவாக மட்டும் அவர்கள் கருதுவதில்லை. பின்னர் கரும்புத் தோட்டங்கள் வந்தன. ஓடை நீர் வாய்க்கால் வழியே திருப்பப்பட்டது. 1893இல் ஹவாய் அரசி பதவியிலிருந்து அகற்றப்பட்டாள். ஆலங்கன்றை நட்ட அதே ஸ்மித், அவளை அகற்றிய குழுவினருள் ஒருவர். 1898இல் தீவுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு இணைக்கப்பட்டன. 1860இல் தொடங்கிய லஹைனாக் கரும்பாலை 1999இல் மூடப்பட்டது. கரும்பு இல்லாத தரிசு நிலங்களிலே, கால்நடைத் தீவனமாக முன்னொரு காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட புல் இனங்கள் ஆளுயரம் வளர்ந்து, கோடையில் வைக்கோலாய் உலர்ந்து நின்றன.

ஆலமரமும் வந்தேறி, அந்தப் புல்லும் வந்தேறி. ஒன்று நிழல் தந்தது. மற்றது தீக்கு வழி தந்தது.

அன்றைய நாளின் நிகழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். தெற்கே பல நூறு மைலுக்கு அப்பால் டோரா என்னும் சூறாவளி சென்றுகொண்டிருந்தது. வடக்கே காற்றழுத்தம் மிகுந்திருந்தது. இரண்டுக்குமிடையே மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கிக் கடுங்காற்று வீசிற்று. காலையில் அறுந்து கிடந்த கம்பியில் மீண்டும் மின்சாரம் பாய்ந்ததால் ஒரு தீ மூண்டது. அதனைத் தீயணைப்புப் படையினர் கட்டுப்படுத்தினர். அத்தீயின் எச்சமே பிற்பகலில் மீண்டும் கிளர்ந்து ஊருக்குட் புகுந்ததென 2024 ஒக்டோபரில் வெளிவந்த உத்தியோக விசாரணை அறிக்கை கூறிற்று. அபாயச் சங்குகள் ஊதப்படவில்லை. வீதிகள் வாகனங்களால் அடைபட்டன. தப்ப வழியின்றிப் பலர் கடலிற் குதித்து, கடலரண் சுவரைப் பற்றியபடி மணிக்கணக்காக நீரில் நின்றனர். 102 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2,200க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன அல்லது சேதமுற்றன. ஏறத்தாழ 12,000 பேர் இருப்பிடம் இழந்தனர்.

தீ நடந்து சில நாட்களே சென்றிருந்தன. காணாமற் போனவர்களைச் சாம்பலில் தேடும் பணி நடந்துகொண்டிருந்தது. அப்போதும் மேற்கு மௌயிக் கடலிலே சில உல்லாசப் பிரயாணிகள் கண்ணாடி அணிந்து மீன்களைப் பார்த்தபடி நீந்திக்கொண்டிருந்தனர். தம் அயலவர் உயிர் துறந்த அதே நீரில் இவர்கள் நீராடுகின்றார்களே என ஊரவர் நொந்து கூறியது பத்திரிகைகளில் வந்தது. நீந்தியவர்கள் கொடியவர்களல்லர். பல மாதங்களுக்கு முன்னரே பணம் கட்டி வந்தவர்கள். விடுதி வேறு, எரிந்த ஊர் வேறு என்று நினைத்தவர்கள். ஆனால் அந்த நினைப்பிலேதான் பிழை இருந்தது. விடுதியிற் படுக்கை விரித்தவளும், சமையற் கூடத்தில் மரக்கறி அரிந்தவனும், தோட்டத்துக்கு நீர் விட்டவனும் எரிந்த ஊரவர்களே. லஹைனாவில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பிலிப்பைன் வழிவந்தவர்கள். விடுதிகளின் உழைப்புப் பெரும்பாலும் அவர்களுடையது.

அரசாங்கம் பிரயாணிகளைத் திரும்பிச் செல்லும்படி வேண்டிக்கொண்டது. பல்லாயிரம் பேர் விமானமேறினர். தீவு வெறிச்சோடிற்று.

வெறிச்சோடியதும் இன்னொரு துன்பம் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் லஹைனாவுக்கு வடக்கே, கரும்புக் கம்பனியின் நிலத்தில், காநபாலி என்னும் விடுதித் தொகுதி எழுந்தது. அன்று முதல் தீவின் சீவியம் சிறிது சிறிதாகக் கரும்பிலிருந்து விருந்தினர் கைக்கு மாறிவந்தது. தீவில் வாழ்வோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம்; 2022ஆம் ஆண்டில் அத்தீவுக்கு வந்த பிரயாணிகளோ ஏறத்தாழ 29 இலட்சம். தீயே எட்டிப் பாராத தென்கரையிலும் உணவுச் சாலைகள் ஆளின்றிக் கிடந்தன. ஓடக்காரர் ஓடத்தைக் கரையில் ஏற்றினர். தீயில் வீடு இழக்காதவன் தொழில் இழந்தான். சில கிழமைகளுக்குமுன் ‘வராதீர்கள்’ என்ற அரசாங்கம், ‘மற்றப் பகுதிகளுக்கு வாருங்கள்’ என்று வேண்டத் தொடங்கியது. வந்தாலும் துன்பம், வராவிட்டாலும் துன்பம் என்ற நிலை. இந்த முரணை உணராமல் விருந்தினரை வெறுமனே ஏசுவதும், விருந்தினரே தெய்வம் என்று புகழ்வதும் இரண்டும் எளிய வேலைகள்.

2023 ஒக்டோபர் 8ஆந் திகதி, தீ நிகழ்ந்து சரியாக இரண்டு மாதம் நிறைந்த அன்று, மேற்கு மௌயியை மீண்டும் திறப்பதென ஆளுநர் ஜோஷ் கிரீன் அறிவித்தார். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனு எழுந்தது. மனுவில் கையொப்பமிட்டவருட் பலர் விருந்தினரால் உண்டு வாழ்பவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் கேட்டது கால அவகாசம். பிள்ளைகள் இன்னும் பாடசாலைக்குத் திரும்பவில்லை. குடும்பங்களுக்கு நிலையான கூரை கிடைக்கவில்லை. இறந்தோரை இன்னும் முறையாக அடக்கம் செய்து முடியவில்லை. இந்நிலையில் சிரித்த முகத்தோடு தட்டேந்தி நிற்பது எங்ஙனம்? ‘உங்கள் வீடும் எரிந்துவிட்டதா?’ என்று நாளொன்றுக்குப் பத்துப் பேர் கேட்டால் பத்து முறையும் பதில் சொல்வது எங்ஙனம்? அவர்கள் அஞ்சியது இந்தக் கேள்விக்கே. குறித்த நாளில் திறப்பு நடந்தது. ஆயினும் மாநகர முதல்வர் அதனைக் கட்டங் கட்டமாக்கி, எரிந்த ஊருக்கு மிகத் தொலைவிலிருந்த வடகோடியை முதலில் திறக்கச் செய்தார்.

அப்போது விடுதிகளில் இன்னொரு காட்சி இருந்தது. வீடிழந்தோரைச் செஞ்சிலுவைச் சங்கமும் அரசாங்கமும் விடுதி அறைகளிலேயே தங்கவைத்திருந்தன. ஒரு காலகட்டத்தில் அவ்வாறு தங்கியோர் ஏறத்தாழ 8,000 பேர். ஒரு மாடியில் உல்லாசத்துக்கு வந்தவன். மறு மாடியில் உடுத்த துணியோடு தப்பி வந்தவன். நீச்சற் குளத்தருகே இருவரும் ஒருவரையொருவர் கடந்து சென்றனர். முற்பதிவு செய்த பிரயாணிகள் வந்ததும் சில குடும்பங்கள் மூட்டை கட்டி அறை மாறவும் விடுதி மாறவும் நேர்ந்தது.

நவம்பர் மாதத்தில் லஹைனா மக்கள் காநபாலிக் கடற்கரையிலே கூடாரமடித்து, மணலில் தூண்டிற் கோல்களை நட்டு அமர்ந்தனர். ஹவாயிற் கடற்கரை எவருடைய தனியுடைமையுமன்று. மீன் பிடிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அந்த உரிமையையே போராட்டமாக்கினர். பிரயாணிகளுக்கு நாட்கணக்கில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளை ஊரவர்க்கு நீண்ட கால வாடகைக்குத் தரச் செய்யவேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 2024 மே மாதத்தில், அத்தகைய ஏறத்தாழ 7,000 வீடுகளைப் படிப்படியாகக் குடியிருப்புக்குத் திருப்பும் ஒரு திட்டத்தை மாநகர முதல்வர் ரிச்சர்ட் பிசன் முன்வைத்தார். அதன்மேல் நெடுங்காலம் வாதம் நடந்தது. ஆகவே அங்கு செல்பவன் எங்கே தங்குவது என்பதுகூடத் தன் வசதியை மட்டும் பொறுத்த காரியமாக இருக்கவில்லை. விடுதியாகவே கட்டப்பட்ட இடத்தில் தங்குபவன் தொழிலாளி ஒருவனுக்குச் சம்பளம் தருகின்றான். குடியிருக்கும் தெருவிலே ஒரு வீட்டைப் பிடித்துத் தங்குபவன், ஒரு குடும்பம் வாழக்கூடிய கூரையின் கீழ்ப் படுக்கின்றான்.

ஹவாய் மொழியில் ‘குலியானா’ என்று ஒரு சொல் உண்டு. உரிமை என்றும் கடமை என்றும் தமிழில் பிரித்துச் சொல்லும் இரண்டையும் அது சேர்த்தே குறிக்கும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘உரித்து’ என்று வழங்கும் சொல் இதற்குச் சிறிது கிட்ட வரும். மரண வீட்டில் உரித்துக்காரர் என்றால், கேட்கும் உரிமையும் செய்யும் கடமையும் ஒருங்கே உடையவர். லஹைனாவில் உரித்து யாருக்கு? அந்தக் கேள்விக்கு விடை தெளிவு. விருந்தினன் உரித்துக்காரன் அல்லன். துக்கம் விசாரிக்க வந்த அயலூரான். அவனுக்கும் ஒரு முறைமை உண்டு, ஆனால் அது வேறு முறைமை.

அம்முறைமையைத் தமிழர் நன்கறிவர். மரண வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்த்துச் செல்வதில்லை. சென்றால் ஆரவாரமின்றிச் சென்று கிடைத்த இடத்தில் அமர்வது. ‘எப்படி நடந்தது?’ என்று உரித்துக்காரரைத் துருவிக் கேட்பதில்லை. அவர்களே சொன்னால் இடைமறிக்காமற் கேட்பது. நம் வீட்டு மரணத்தை அங்கே விரித்துரைப்பதில்லை. புறப்படும்போது ‘போய்வருகிறேன்’ என்றும் சொல்வதில்லை. மௌயி மக்கள் தம் விருந்தினரிடம் எதிர்பார்த்தது ஏறத்தாழ இதுவே. தாமாகப் பேசினால் செவி கொடுங்கள், பேசாவிட்டால் கேட்காதீர்கள், ஏவலாளனைப் பார்ப்பது போலன்றி, துக்கத்துக்கிடையிலும் வேலைக்கு வந்திருப்பவரைப் பார்ப்பது போலப் பாருங்கள். உணவு சற்றுத் தாமதித்து வந்தால் பொறுத்திருங்கள். கடை முன்னேரத்தில் மூடப்பட்டால் ஏன் என்று சச்சரவிடாதீர்கள்.

படமெடுப்பது பற்றியும் சொல்லவேண்டும். எரிந்த பகுதி பல மாதங்கள் மூடப்பட்டே இருந்தது. அங்குக் கிடந்த சாம்பலில் ஆசனிக்கும் ஈயமும் கலந்திருந்தன. வீட்டுக்காரர்களே செப்டெம்பர் 25ஆந் திகதி தொடக்கம் பகுதி பகுதியாகத்தான் அனுமதிக்கப்பட்டனர்; உடல் முழுதும் மூடும் அங்கியும் முகமூடியும் அணிந்து தம் வீட்டின் அடித்தளத்திலே நின்று சல்லடையாற் சாம்பலை அரித்தனர். ஒரு மோதிரம், ஒரு பீங்கான் துண்டு, அவ்வளவுதான். அப்போது ஊருக்கு மேலே செல்லும் சுற்று வீதியில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியை நீட்டியவர்கள் இருந்தனர். அந்த வீதியோரத்திலேயே ஊரவர் இறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை நாட்டி, நிழற்படம் பொருத்தி, மலர்மாலை சூட்டியிருந்தனர். வீதி ஒன்றுதான். ஒருவர்க்கு அது சுடலை. மற்றவர்க்குக் காட்சி மேடை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல்கோளுக்குப் பின் இலங்கையின் கரையோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. உதவ வந்தவரும் வேடிக்கை பார்க்க வந்தவரும் ஒரே வீதியால் வந்ததை அவர்கள் கண்டவர்கள்.

கொடையிலும் ஒரு முறை உண்டு. தீ நடந்த மறுநாள் தொட்டு, அயல் தீவுகளிலிருந்தும் தீவின் மறுகரையிலிருந்தும் மக்கள் தம் சொந்தப் படகுகளில் தண்ணீரும் அரிசியும் எரிபொருளும் ஏற்றிவந்து கரையில் இறக்கினர். இன்ன பொருள் வேண்டும் என்று அறிந்து கொண்டுவந்த உதவி அது. தொலைவிலிருந்து கேளாமலே அனுப்பப்பட்ட பழந்துணிப் பொதிகள் வேறு வகை. அவற்றைப் பிரிக்கவும் அடுக்கவும் ஆள் தேடவேண்டியதாயிற்று; பொருள் வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்று கேட்கவும் நேர்ந்தது. செல்பவன் தன் பணத்தை எங்கே செலவிடுகின்றான் என்பதும் கொடையின் பாற்பட்டதே. உள்ளூரான் நடத்தும் சிறு உணவுக் கடையில் உண்பதும், உள்ளூர்ப் பெண் பின்னிய கூடையை வாங்குவதும், அனுதாபச் சொற்கள் நூற்றினும் அங்கே வேண்டப்பட்டவை.

இவ்வாறெல்லாம் நிபந்தனை சொன்னால் யார் செல்வர் என்று சிலர் வினவக்கூடும். ஆனால் அந்த நிபந்தனைகளுள் ஒன்றேனும் பணம் கேட்பதில்லை, மகிழ்ச்சியைத் தடுப்பதுமில்லை. கடலும் மலையும் அங்கேயே இருக்கின்றன. சென்றவர்களுட் பலர், கண்ட காட்சிகளை மறந்த பின்னும், ஒரு முற்பகல் முழுதும் மண்ணில் முழந்தாளிட்டுச் செய்த வேலையையே நினைவு கூர்வர் என்பதும் ஐயமில்லை. ஓடை நீர் மீண்டும் பாயவிடப்பட்ட சேம்பு வயல்களில் களை பிடுங்கவும், கன்று நடவும் வெளியாரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஹவாயிற் பல இடங்களில் உண்டு. அங்கே பேச்சு தானாக எழுகின்றது. யாரும் யாரையும் துருவுவதில்லை.

லஹைனாவின் பழம்பெயர் லெலெ. கரும்பு வருமுன் அவ்வூர் ஈரப்பலா மரங்களுக்குப் பேர் போனது. ‘லெலெயின் ஈரப்பலா நிழல்’ என்றே அதனைச் சிறப்பித்து அழைத்தனர். நம் நாட்டுத் தென்பகுதி வளவுகளில் காணும் அதே மரந்தான். தோட்டக்காரர் அவற்றை வெட்டினர். எஞ்சியவற்றிற் பலவும் வீட்டு மாமரங்களும் 2023இல் எரிந்தன. அதன்பின் மரநூல் வல்லவர் சிலர் கூடி ஒரு காரியம் தொடங்கினர். விடுதிகள் தம் வளவில் ஒரு மூலையைக் கொடுத்தன. அங்கே நாற்று மேடைகள் எழுந்தன. ஈரப்பலாவும் மாவும் பிற மரங்களும் சட்டிகளில் வளர்க்கப்பட்டன. தொண்டர்கள் மண் நிரப்பினர், நீர் வார்த்தனர். கன்றுகள் வீட்டுக்காரர்க்கு இலவசமாகவே கொடுக்கப்படும். ஆனால் நடுவதற்கு வளவு துப்புரவாக வேண்டும். வளவில் வீடு எழவேண்டும். மீளக் கட்டப்பட்ட முதல் வீடுகள் 2024ஆம் ஆண்டு முடிவிலேதான் கூரை கண்டன. அதுவரையில் அந்தக் கன்றுகள், சட்டி போதாமற் பெரிய சட்டிக்கு மாற்றப்பட்டு, விடுதியின் பின்புறத்தில் வரிசையாக நின்றன.